அடக்கமான சைலன்சர் வாங்குவது எப்படி?

நீங்கள் நல்லவர். தெருவே எழுந்து உட்காரும்படி வண்டி ஓட்டும் கூட்டத்தில் நீங்கள் சேர மாட்டீர்கள். உங்களுக்கு வேண்டியதெல்லாம் சத்தம் குறைந்த, ஆனால் பெர்ஃபார்மன்ஸ் கூடிய, பேஸ் மட்டும் லேசாகத் தூக்கலான, பார்க்கக் கொஞ்சம் எடுப்பான ஒரு சைலன்சர். இதைத்தான் கடையில் போய்க் கேட்கிறீர்கள். கடைக்காரரும் தலையாட்டுகிறார். இதே கோரிக்கையோடு அன்று காலையிலிருந்து எத்தனை நல்லவர்கள் வந்துபோனார்கள் என்பதை அவர் சொல்வதில்லை.

350 சிசி ராயல் என்ஃபீல்டு வைத்திருப்பவர்களை மனதில் வைத்தே இந்த யோசனைகள். டியூக் வைத்திருப்பவர்களும் பின்பற்றலாம்; பலன் இன்னும் சீக்கிரம் கிடைக்கும். ஆர்எக்ஸ் 100 காரர்களுக்கு நான் சொல்லித்தர ஒன்றுமில்லை. 1996-ல் உற்பத்தி நின்றுபோன வண்டியை இன்றைக்கும் அடுத்த தெருவுக்குக் கேட்கும்படி பராமரிப்பவர்கள் அவர்கள்.

1. கம்பெனி சைலன்சரை வெறுக்கத் தொடங்குங்கள்

வண்டி எடுத்த முதல் வாரத்திலேயே தொடங்கினால் நல்லது. "உயிரே இல்லப்பா, ஸ்கூட்டி மாதிரி இருக்கு" என்று நாலு பேரிடம் சொல்லுங்கள். "எங்க அப்பா வச்சிருந்த புல்லட் சத்தம் மூணு தெருவுக்குக் கேக்கும்" என்று சேர்த்துக்கொள்ளுங்கள். அந்தப் பழைய புல்லட்டின் டப் டப் சத்தத்துக்குக் காரணம் சைலன்சர் மட்டும்தான் என்று உறுதியாக நம்புங்கள். 70 மில்லிமீட்டர் அகலமும் 90 மில்லிமீட்டர் ஓட்டமும் கொண்ட ஒற்றை சிலிண்டர், கனத்த ஃபிளைவீல், மெதுவான ஐடிலிங் என்றெல்லாம் யாராவது காரணம் சொன்னால் அவரைக் குழுவிலிருந்து நீக்கிவிடுங்கள்.

175 சிசிக்கு மேற்பட்ட இருசக்கர வாகனம் ஏழரை மீட்டர் தள்ளி நின்று அளந்தால் 80 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று மத்திய அரசின் விதி இருக்கிறது. அதற்குள் அடக்கி, அதே சமயம் புல்லட் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லும்படியும் ஒரு சத்தத்தைக் கொண்டுவர, சென்னையில் பொறியாளர்கள் சம்பளம் வாங்கிக்கொண்டு மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். சத்தம் குறைவு, பெர்ஃபார்மன்ஸ் சரி, பேஸ் உண்டு. நீங்கள் கடையில் போய்க் கேட்கப்போகும் அத்தனையும் அதில் இருக்கிறது. ஆனால் அது வண்டியோடு இலவசமாக வந்துவிட்டதே! கழற்றுங்கள். மெக்கானிக் கடையிலேயே ஒரு மூலையில் விட்டுவிட்டு வாருங்கள்.

2. பெயரைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்

சென்னை ஜி.பி. ரோட்டுக்குப் போனால் பெயர்களுக்குப் பஞ்சமில்லை. கோல்டுஸ்டார், மெகாபோன், ஷார்ட் பாட்டில், லாங் பாட்டில், பஞ்சாப், இந்தோரி. உள்ளே என்ன இருக்கிறது என்பது இந்தப் பெயர்களிலிருந்து தெரியாது. நீங்களும் கேட்காதீர்கள். அட்டைப்பெட்டியில் 'டூரிங்' என்றோ 'சாஃப்ட்' என்றோ ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் போதும். ஸ்டிக்கர் ஒட்டியவரும் சைலன்சர் செய்தவரும் ஒரே ஆளாக இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

உரையாடலை இப்படி நடத்துங்கள்:

"அண்ணே, ரொம்பச் சத்தம் வேணாம்ணே. டீசன்ட்டா இருந்தா போதும்."

"எந்த டீசன்ட் தம்பி? வீட்ல பெரியவங்க இருக்கற டீசன்ட்டா, காலேஜ் டீசன்ட்டா?"

இங்கே ஒரு நொடி யோசிப்பதுபோல நடியுங்கள். "நடுவுல" என்று சொல்லுங்கள். அவர் காலேஜ் டீசன்ட்டை எடுத்துக் கொடுப்பார்.

இந்தோரி பற்றி ஒரு வார்த்தை. கார்புரேட்டர் வண்டியில் அதை மாட்டி, ஓடிக்கொண்டிருக்கும்போதே சாவியை அணைத்துப் போட்டால், எரியாத பெட்ரோல் சைலன்சருக்குள் போய் வெடித்துப் பட்டாசுச் சத்தம் கிளப்பும். அடக்கமானவரான உங்களுக்கு அது தேவையே இல்லை. அதனால் அதை இரண்டாவது சைலன்சராக வாங்கிக்கொள்ளலாம்.

3. காதால் கேட்காதீர்கள், செல்போனில் கேளுங்கள்

நேரில் ஒரு வண்டியில் மாட்டி ஓடவிட்டுக் கேட்பது பழைய முறை. யூடியூப் வீடியோ பாருங்கள். அதுவும் செல்போனிலேயே, இயர்போன் இல்லாமல்.

இதில் உள்ள வசதி என்ன தெரியுமா? ஒற்றை சிலிண்டர் நான்கு-ஸ்ட்ரோக் எஞ்சின், இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் வெடிக்கும். 3,000 ஆர்பிஎம்மில் நொடிக்கு 25 வெடிப்பு. உங்கள் நெஞ்சுக்கூட்டில் வந்து தட்டும் அந்தக் கனத்த அடி இந்த 25 ஹெர்ட்ஸில்தான் தொடங்குகிறது. செல்போனின் குட்டி ஸ்பீக்கருக்கு அந்த ஆழம் எட்டவே எட்டாது. போதாக்குறைக்கு, பதிவு செய்யும் கருவி பெரிய சத்தத்தைத் தானே குறைத்தும் சின்னச் சத்தத்தைத் தானே கூட்டியும் பதிந்துகொள்ளும். ஆகவே வீடியோவில் எல்லா சைலன்சரும் ஏறக்குறைய ஒரே மாதிரி அடக்கமாகத்தான் ஒலிக்கும். மனம் நிறைந்து ஆர்டர் போடுங்கள்.

4. உள்ளே எட்டிப் பார்க்காதீர்கள்

சத்தத்தை அடக்க இரண்டு வழிகள்தான் பெரும்பாலும் உண்டு. ஒன்று, உள்ளே தடுப்புகள் வைத்து அறை அறையாகப் பிரித்து, ஒலி அலைகளை ஒன்றோடு ஒன்று மோதவிட்டு மடக்குவது. இன்னொன்று, துளையிட்ட நேர்குழாயைச் சுற்றிக் கிளாஸ் வூல் என்னும் கண்ணாடி இழைப் பஞ்சை அடைத்து ஒலியைக் குடிக்க வைப்பது. முதல் வகை கனமாக இருக்கும், இடம் பிடிக்கும். இரண்டாம் வகை லேசாக இருக்கும், அழகாக இருக்கும், பஞ்சு இருக்கும்வரை வேலை செய்யும்.

நீங்கள் இரண்டாம் வகையை வாங்குங்கள். சூட்டிலும் புகை வேகத்திலும் பஞ்சு கொஞ்சம் கொஞ்சமாகக் கருகிப் பிய்ந்து வெளியே போகும். மாதம் போகப் போக வண்டியின் குரல் உடைந்து, பத்தாம் வகுப்புப் பையனுடையதுபோல் ஆகும். ஒரேயடியாகக் கூடாததால் உங்களுக்குத் தெரியாது. பஞ்சை மாற்ற வேண்டுமா என்று யாரும் கேட்டால், "செட் ஆயிடுச்சு" என்று பெருமையாகச் சொல்லுங்கள்.

மூன்றாவதாக ஒரு வகையும் உண்டு. வெளியே பளபளக்கும் உறை, உள்ளே இந்த முனையிலிருந்து அந்த முனைவரை வெறும் குழாய். டார்ச் அடித்துப் பார்த்தால் மறுபக்கம் தெரியும். விலையும் அதுதான் குறைவு. டார்ச்சை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.

5. டிபி கில்லரைக் காப்பாற்றுங்கள்

கொஞ்சம் நல்ல சைலன்சராக வாங்கினால் வாயில் ஒரு சின்னக் குழல் செருகியிருக்கும். அதன் பெயர் டிபி கில்லர். அந்தப் பொருளை நீங்கள் வாங்கியதற்கே காரணம் அதுதான். வீட்டிலும் அப்படித்தான் சொல்லியிருக்கிறீர்கள். "இதுல டிபி கில்லர் இருக்கும்மா, சத்தமே வராது."

அது ஒரே ஒரு ஆலன் போல்ட்டில் நிற்கும். அப்படித்தான் செய்திருக்கிறார்கள். ஊர் எல்லை தாண்டியதும் கழற்றுங்கள், "ஹைவேல மட்டும்தான்" என்று சொல்லிக்கொண்டு. திரும்பி வரும்போது மாட்ட வேண்டும் என்று நினையுங்கள். நினைத்தாலே போதும். ஆலன் கீ எங்கே வைத்தோம் என்பது மறந்துபோகும். டிபி கில்லரை மட்டும் பத்திரமாக டாங்க் பேக்கில் வைத்திருங்கள். போலீஸ்காரரிடம் எடுத்துக் காட்டலாம்: "இருக்கு சார், பாருங்க!" இருப்பதாகக் காட்டுவதற்காகவே ஒரு பொருளைச் சுமந்து திரிவதில் ஒரு கௌரவம் இருக்கிறது.

6. அளந்து பாருங்கள், அறிவியல்பூர்வமாக

செல்போனில் டெசிபல் மீட்டர் செயலி ஒன்று இறக்கிக்கொள்ளுங்கள். கம்பெனி சைலன்சர் 80 என்றால், புதியது 90 காட்டும். "பத்துதான் கூட. பன்னிரண்டரை சதவீதம்" என்று கணக்குப் போடுங்கள். டெசிபல் அப்படிப் போகும் கணக்கல்ல. மூன்று கூடினால் ஒலியாற்றல் இரட்டிப்பு, பத்து கூடினால் பத்து மடங்கு, காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்காகக் கேட்கும். ஆனால் பன்னிரண்டரை சதவீதம் கேட்பதற்கு எவ்வளவு அடக்கமாக இருக்கிறது!

எங்கே நின்று அளப்பது? நிற்கும் வண்டியைச் சோதிக்கும் முறைப்படி, குழாய் வாயிலிருந்து அரை மீட்டரில், 45 பாகை சாய்வில் வைக்க வேண்டும். நீங்கள் சீட்டில் உட்கார்ந்துகொண்டே, ஹெல்மெட்டுக்குள் அளந்துகொள்ளுங்கள். குழாய் பின்னால் திரும்பியிருக்கிறது, நீங்கள் முன்னால் இருக்கிறீர்கள், காதில் காற்று. ஊரிலேயே அந்தச் சத்தத்தைக் குறைவாகக் கேட்பவர்களில் ஒருவர் நீங்கள். உங்கள் கருத்துக்குத்தான் மதிப்பு.

அதிலும் திருப்தி இல்லையென்றால் தள்ளி நின்று அளந்து பாருங்கள். திறந்த வெளியில் தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் ஆறு டெசிபல் குறையும். ஏழரை மீட்டரில் 80 என்றால் பதினைந்தில் 74, முப்பதில் 68. இப்படியே நடந்துபோனால் 480 மீட்டரில் 44. குடியிருப்புப் பகுதிக்கு 2000-ம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் வைத்திருக்கும் இரவு வரம்பு 45. பாருங்கள், உள்ளே வந்துவிட்டது. இது கம்பெனி சைலன்சருக்கு. உங்களுடையது ஏழரை மீட்டரில் 95 என்று வைத்துக்கொண்டால் ஏறக்குறைய 2.4 கிலோமீட்டர் தள்ளி நிற்க வேண்டும். ஆகவே உங்கள் வண்டியில் குற்றமில்லை. வீடுகளைத்தான் சாலைக்கு இவ்வளவு பக்கத்தில் கட்டிவிட்டார்கள்.

7. பெர்ஃபார்மன்ஸை உணருங்கள்

அளக்க வேண்டாம், உணருங்கள். இன்றைய கிளாசிக் 350-ன் திறன் 20.2 பிஹெச்பி, அதுவும் 6,100 ஆர்பிஎம்மில். அந்த ஆர்பிஎம் பக்கம் நீங்கள் கடைசியாகப் போனது எப்போது என்று உங்களையே கேட்டுக்கொள்ளாதீர்கள். பாடி மேம்பாலத்தில் மூன்றாவது கியரில் போகும்போது புகை தாராளமாக வெளியேறுவதால் என்ன கிடைக்கும் என்றும் கேட்காதீர்கள். சத்தம் கூடினால் வேகம் கூடியதுபோலவே இருக்கும். அந்த உணர்வுக்கு விலை 4,500 ரூபாய் என்று கடைக்காரர் சொன்னால் 3,800-க்குக் கேளுங்கள்.

பிஎஸ்-6 வண்டிகளில் ஆக்சிஜன் சென்சார், கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் என்று சில இடைஞ்சல்கள் உண்டு. மெக்கானிக் பார்த்துக்கொள்வார். அவர் எதையாவது கழற்றித் தரையில் வைத்து, "இது தேவையில்ல தம்பி" என்பார். நம்புங்கள். தேவையில்லாத பொருளை அரசாங்கம் கட்டாயமாக்குமா என்று வாதம் செய்யாதீர்கள், அவருக்கு வேலை இருக்கிறது.

8. இரவில் சோதனை ஓட்டம் போங்கள்

பகலில் டிராஃபிக் சத்தத்தில் நுணுக்கம் தெரியாது. பதினொன்றரை மணிக்கு மேல் கிளம்புங்கள். மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலம். அங்கே வேறு சத்தமே இருக்காது என்பதால் உங்கள் சைலன்சரின் இனிமையைத் தெளிவாகக் கேட்கலாம். குழந்தைகள் வார்டு இருந்தால் இன்னும் விசேஷம். ஆக்ஸிலேட்டரை முறுக்கி விட்டு, விட்டு முறுக்குங்கள்.

9. அக்கம்பக்கத்தாரைத் தயார்ப்படுத்துங்கள்

அமெரிக்காவில் ஃபோர்டு நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர் வீட்டில் தன் மஸ்டாங்கைக் கிளப்பியபோது பக்கத்து வீட்டார் போலீஸைக் கூப்பிட்டுவிட்டார்கள். அவர் என்ன செய்தார்? 2018 மாடல் மஸ்டாங்கில் அமைதியாகக் கிளம்புவதற்கென்று ஒரு வசதியே வந்துவிட்டது. இத்தனை மணியிலிருந்து இத்தனை மணிவரை சத்தம் போடாதே என்று காருக்கு நேரம் குறித்துக் கொடுத்துவிடலாம். கோழைத்தனம். இத்தனைக்கும் வி8 எஞ்சின் உள்ள ஸ்போர்ட்ஸ் கார்.

உங்களுக்கு அந்த இக்கட்டு இல்லை. காலை ஐந்தரைக்கு வண்டியை ஸ்டார்ட் செய்து, "ஹீட் ஆகட்டும்" என்று விட்டுவிட்டு உள்ளே போய்க் காபி குடியுங்கள். மாடிவீட்டு மாமா எட்டிப் பார்த்தால், "மாமா, இது சத்தம் கம்மியான மாடல் மாமா. அந்த ஜெராக்ஸ் கடைப் பையன் வண்டியக் கேட்டிருக்கீங்களா?" என்று சொல்லுங்கள். உலகத்தில் உங்களைவிடச் சத்தமான ஒருவன் எப்போதும் இருப்பான். அவன் முகவரியைக் கைவசம் வைத்திருங்கள்.

10. வால்பாறைக்குப் போங்கள்

ஆழியாற்றிலிருந்து ஏறினால் 40 கொண்டை ஊசி வளைவுகள், ஆனைமலைப் புலிகள் காப்பகம். எதிரொலி அருமையாக வரும். ஆசிய யானைகள் மனிதக் காதுக்கு எட்டாத தாழ்சுருதியில், 20 ஹெர்ட்ஸை ஒட்டியும் அதற்குக் கீழும், பல நூறு மீட்டர் தள்ளியுள்ள யானையோடு பேசிக்கொள்கின்றன. உங்கள் வண்டி 2,000 ஆர்பிஎம்மில் நொடிக்குப் பதினாறு பதினேழு முறை வெடிக்கிறது. அதே சுருதி. நீங்கள் அவற்றிடம் என்ன சொல்லிக்கொண்டு போகிறீர்கள் என்று உங்களுக்குத் தெரியாது. நின்று கேட்காமல் ஓட்டுங்கள்.

11. இன்னும் அடக்கமான ஒன்றை வாங்குங்கள்

ஆறு மாதத்தில் உங்களுக்கே தலை வலிக்கும். பின்சீட்டில் உட்கார்ந்தவர் இனிமேல் பஸ்ஸில் வருகிறேன் என்பார். அப்போதும் கம்பெனி சைலன்சரை நினைக்காதீர்கள், அது தோல்வி. இன்னொரு பெயர், இன்னொரு ஸ்டிக்கர். அதுவும் சரிவராவிட்டால் மூன்றாவது. கடைசியில் ஒருநாள் புதுப்பேட்டைக்குப் போய், "நல்ல கனமா, உள்ள ரூம் ரூமா வச்சு, சத்தம் கம்மியா ஏதாவது இருக்காண்ணே?" என்று கேளுங்கள். அவர் தூசி தட்டி ஒன்றை எடுத்துத் தருவார். உங்கள் வண்டியில் வந்த அதே கம்பெனிச் சரக்கு. மெக்கானிக் கடை மூலையில் நீங்கள் விட்டுவிட்டு வந்ததாகக்கூட இருக்கலாம். விலை கேட்டு அதிர்ச்சி அடையாதீர்கள். ஒரிஜினல் கிராக்கியான பொருள்.

12. போலீஸ்காரரிடம் தைரியமாகப் பேசுங்கள்

மேலே சொன்ன முடிவுக்கு நீங்கள் வந்துசேராமல் இன்னும் காலேஜ் டீசன்ட்டிலேயே ஓட்டிக்கொண்டிருந்தால், ஒருநாள் கை காட்டி ஓரம் கட்டுவார்கள். எஞ்சினை அணைக்காமலே பேசத் தொடங்குங்கள். அவர் காதருகே குனிய வேண்டியிருக்கும், நெருக்கம் வளரும். "சார், இது சைலன்ட் மாடல் சார், பில் இருக்கு" என்று சொல்லுங்கள். கடையிலேயே விற்கிறார்களே, அங்கே போய்ப் பிடிக்க வேண்டியதுதானே என்று கேளுங்கள். இந்த ஒரு கேள்வியில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவர் கையில் இருப்பது உங்கள் வண்டிச் சாவி.

பல ஊர்களில் பறிமுதல் செய்த சைலன்சர்களைச் சாலையில் வரிசையாகப் படுக்க வைத்து ரோடு ரோலர் ஏற்றுகிறார்கள். அந்த வீடியோக்களையும் யூடியூபில் பாருங்கள். அதிலும் சத்தம் அடக்கமாகத்தான் கேட்கும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 190(2) பிரிவுப்படி ஒலி மாசு விதியை மீறினால், முதல் முறைக்கே மூன்று மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கூடவே மூன்று மாதத்துக்கு ஓட்டுநர் உரிமமும் கிடையாது. சென்னை மாநகரப் பேருந்தில் நினைத்த இடமெல்லாம் போய்வர 1,000 ரூபாய்க்கு மாத பாஸ் தருகிறார்கள். மூன்று மாதத்துக்கும் சேர்த்து எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.